ஆற்று மணலில் வாட் கணக்கு

ஆடி மாதத்தில் சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்கு ஓடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். போகும்போது கால் தானாகப் போகும். திரும்பும்போது யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மேல்காற்று அப்படி. கரிசல்காட்டில் அதை மறிக்க மரமும் இல்லை. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் போன நான் திரும்பும்போது ஆறரை. பாடு என்னவோ கூடுதல்தான். கடிகாரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வேகம் பொய் சொல்கிற இடத்தில் வாட்டைப் பார், அதாவது ஓட்டத்தில் நீ போடும் திறனைப் பார் என்கிறார்கள் இப்போது. சைக்கிள்காரர்களுக்கு இது பழைய சரக்கு. ஜெர்மானியர் உல்ரிச் ஷோபெரர் 1986இலேயே, மிதிக்கிற விசையில் உலோகம் மயிரிழை வளைவதை அளந்து வாட்டில் சொல்லும் கருவியைச் செய்துவிட்டார். ஓட்டக்காரர்களுக்கு அது வர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. ஷூவில் மாட்டும் ஸ்ட்ரைடு என்ற கருவி வந்தது. பிறகு கைக்கடிகாரங்களே காட்டத் தொடங்கின.

ஆனால் ஓடுகிறவன் காலில் வளைவதற்கு உலோகம் ஏது? பாதம் எப்படி அசைகிறது, தரை எவ்வளவு ஏறுகிறது, நாம் பதிந்துவைத்த எடை என்ன என்பதையெல்லாம் கூட்டிக் கருவி போடும் உத்தேசக் கணக்கு அது. அதனால்தான் ஒரே காலுக்கு இரண்டு கம்பெனிக் கடிகாரங்கள் இரண்டு எண் சொல்கின்றன. அறுபது கிலோ ஆள் மணிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினால் ஸ்ட்ரைடு கணக்கில் சுமார் 170 வாட். வீட்டில் இரண்டு மின்விசிறி ஓடுவதைவிடக் கொஞ்சம் கூட.

பயன் இல்லாமலில்லை. பாலத்து ஏற்றத்தில் நாடித்துடிப்பு ஏறிவரச் சற்று நேரமாகும். வாட் உடனே ஏறிவிடும். அதைப் பார்த்து அடியைக் குறைத்தால் மேட்டில் மூச்சைச் செலவழிக்காமல் தப்பலாம். காற்றை உணரும் கருவியாக இருந்தால் திரும்புகாலிலும் துணைக்கு வரும். இல்லாவிட்டால் மேல்காற்று அதன் கண்ணுக்கே தெரியாது.

இருக்கன்குடிக் கோவிலை நெருங்கி அர்ச்சுனா நதி மணலில் கால்வைத்ததும் கதையே வேறு. என் கடிகாரத்தில் எண் இறங்கியது. எனக்கோ மேல்மூச்சு கீழ்மூச்சு. மணலில் ஓடக் கெட்டித்தரையைப்போல 1.6 மடங்கு சக்தி செலவாகிறது, நடக்கவே இரண்டு மடங்குக்கு மேல் என்று பெல்ஜியத்தில் ஆய்வாளர் லெஜூனின் குழுவினர் 1998இல் அளந்து எழுதினார்கள். புதைகிற மணல் தின்றுவிடும் சக்தியைக் கருவி பார்ப்பதில்லை. வெயிலையும் அப்படித்தான். விடிகாலை 170 வாட்டும் பதினோரு மணி 170 வாட்டும் அதற்கு ஒன்று, உடம்புக்கு ஒன்றா?

புதிதாக ஓட வருகிறவர்கள் இதற்குக் காசு போட வேண்டாம் என்பேன். இரண்டு மூன்று வருடம் ஓடித் தன் மூச்சைத் தெரிந்தவர், தார்ச்சாலையில் மட்டும், ஒரே கருவியை வைத்து நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடட்டும்.

அன்று மணலில் நின்று நான் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று கடந்துபோனது. முன்னால் போன பெரியம்மா பின்னால் வந்தவளிடம் ஏதோ கேட்டார். அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “ஏ தாயி, மூச்சு வாங்குது பாரு. சித்த நின்னு வா” என்றார். கூட்டமே நின்றது.