சமநிலை என்பது சகித்துக்கொள்வது அல்ல

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தியானம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். தப்பில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த புதிதில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "எந்தக் கோட்டாவுலம்மா வந்த?" என்று கேட்டார். கட்டுரையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கையில் இருந்த டம்ளர் நடுங்கியது. பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அடுத்த மாதம் மன அழுத்தத்தைக் குறைக்க என்று ஒரு யோகா முகாம் நடந்தது. பயிற்சி தந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். "மூச்சை இழுத்து விடுங்க. அவரை மன்னிச்சிடுங்க. கோபம் உங்களைத்தான் எரிக்கும்" என்றார். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் தியானம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல்தான்.

இன்று தினமும் காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். இடையில் நான் என்ன புரிந்துகொண்டேன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பௌத்தம் வளர்க்கச் சொல்லும் மனநிலைகள் நான்கு. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை. எல்லா உயிரிடத்தும் நட்பு, துன்பப்படுபவரின் துன்பம் தீர வேண்டும் என்ற தவிப்பு, அடுத்தவர் நன்றாக இருப்பதைக் கண்டு மகிழ்வது, எதிலும் தடுமாறாத சமநிலை. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும், முதல் பாதத்தின் 33ஆவது சூத்திரத்தில், இதே நான்கும் இதே வரிசையில் வருகின்றன. ஆகவே யோகம் ஒரு தரப்பாருக்கு மட்டும் பாட்டன் வீட்டுச் சொத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். யோக சூத்திரம் உபேட்சையைத் தீவினையாளர்களிடம் காட்டச் சொல்கிறது. அதாவது, அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு. பௌத்தத்தில் உபேட்சை எல்லா உயிர்களையும் சமமாகப் பார்ப்பது.

தமிழில் உபேட்சை என்ற சொல்லுக்கு என்ன பொருள் ஆகிவிட்டது? அலட்சியம். 'ஏழைகளை உபேட்சை செய்கிறார்கள்' என்று எழுதுகிறோம். சமநிலையைக் குறித்த சொல் அலட்சியத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்த ஆபத்தைப் பழைய பௌத்தர்கள் அறிந்திருந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் ஒவ்வொரு மனநிலைக்கும் இரண்டு பகைகளைச் சொல்கிறது. ஒன்று தூரத்துப் பகை, மற்றது பக்கத்துப் பகை. தூரத்துப் பகையை எளிதில் அடையாளம் காணலாம். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. பக்கத்துப் பகை அதைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். உபேட்சையின் பக்கத்துப் பகை, எதையும் அறியாமல் எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பது. பார்ப்பதற்கு அதுவும் அமைதி போலவே இருக்கும். நம் கல்வி நிலையங்களில் 'மன அமைதி' என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது இந்தப் பக்கத்துப் பகைதான்.

இன்னொன்றும் அந்த நூலில் இருக்கிறது. மைத்ரி தியானத்தை எதிரியிடமிருந்து தொடங்காதே என்கிறது. முதலில் உன்னிடமிருந்து தொடங்கு. பிறகு நீ மதிக்கும் ஒருவர், நெருங்கிய நண்பர், முன்பின் உறவில்லாத ஒருவர். கடைசியில்தான் பகைவர். எனக்கு இது பெரிய ஆறுதல். அந்தப் பயிற்சியாளர் முதல் நாளே என்னைக் கடைசிப் படியில் நிற்கச் சொன்னார். என்மீது அன்பு கொள்ளவே எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. நீ தகுதியில்லாதவள் என்றே கேட்டு வளர்ந்த ஒரு பெண், கண்ணை மூடி 'நான் நலமாக இருக்க வேண்டும்' என்று தனக்கே சொல்லிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. முதல் சில வாரங்கள் எனக்கு அழுகைதான் வந்தது.

சரி, சமநிலை எப்படி இருக்கும்? அண்ணல் அம்பேத்கர் ஒரு கதை மூலம் காட்டுகிறார். 1957இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முதியவர், நோயாளி, பிணம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற வழக்கமான கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காக சாக்கியருக்கும் கோலியருக்கும் சண்டை. போர் தொடுக்க சாக்கிய சங்கம் முடிவெடுக்கிறது. சித்தார்த்தர் எழுந்து எதிர்க்கிறார். போர் வேண்டாம், இரு தரப்பிலும் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பேசித் தீர்ப்போம் என்கிறார். வாக்கெடுப்பில் தோற்கிறார். அப்போதும் படையில் சேர மறுக்கிறார். உன் குடும்பத்தைச் சமூக விலக்கம் செய்வோம், நிலத்தைப் பறிப்போம் என்று மிரட்டுகிறார்கள். ஊர்விலக்கம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் குடும்பத்தைத் தண்டிக்காதீர்கள், தண்டனை எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி அவர் நாட்டை விட்டு வெளியேறுகிறார். யாரையும் வெறுக்காமல், யாருக்கும் பணியாமல், சபை நடுவே 'முடியாது' என்று சொல்வதுதான் அம்பேத்கர் காட்டும் சமநிலை.

கதையில் சொன்னதை அவர் களத்திலும் செய்திருக்கிறார். அங்கேயும் பிரச்சினை தண்ணீர்தான். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்து நீரைக் குடித்த பிறகு நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். திருப்பி அடிக்கக் கொதித்தவர்களை அவர் தடுத்து நிறுத்தினார். அது மன்னிப்பு அல்ல. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்துக்கான வழக்கை அவர் விடவில்லை. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள்! ஒரு நாள் கொதித்து அடங்கும் கோபத்தால் பத்து ஆண்டு வழக்கு நடத்த முடியாது. அதற்கு வேறொரு மனம் வேண்டும்.

நம் மண்ணிலும் அந்த மனத்தைத் தேடியவர்கள் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்திலும் அதற்குக் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த ஊர் அது. பௌத்தம் அங்கே ஓய்வு நேரப் பொழுதுபோக்காகப் போய்ச் சேரவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன ஆண்டு என் துறையில் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, எல்லார் முன்னாடியும் என் சாதியைக் கேட்டாங்கக்கா. கை நடுங்குதுக்கா" என்றாள். எனக்கும் உள்ளே அதே பழைய நடுக்கம் எழுந்தது. ஆனால் இந்த முறை அது எழுவதை என்னால் பார்க்க முடிந்தது. தொண்டை இறுகுவது, காது சூடாவது, பிறகு மெல்லத் தணிவது. தினமும் உட்கார்ந்து பழகியதன் பலன் எனக்கு இவ்வளவுதான். அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். யார், எப்போது, என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்று இருவரும் சேர்ந்து எழுதினோம். கல்வி நிலையங்களில் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும் என்று யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு கொடுத்தோம். பெரிய நடவடிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் மனு பதிவாகியிருக்கிறது. அவள் படிப்பை விடவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தியானம் மருத்துவம் அல்ல. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் தனியாகக் கண்ணை மூடி உட்காராதீர்கள். யாரிடமாவது பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது, தியானம் நீதிக்கு மாற்றும் அல்ல. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் இருந்த ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அவருக்கு மூச்சுப் பயிற்சி தெரியாததுதான் காரணம் என்று யாராவது சொல்வார்களா? மாற வேண்டியது நிறுவனம். அதை மாற்றும்வரை நாம் உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தியானம்.

சகோதரத்துவம் என்ற சொல் போதாது, புத்தர் சொன்ன மைத்ரிதான் சரியான சொல் என்று அம்பேத்கர் எழுதினார். சாதி நம்மிடமிருந்து பறித்ததும் அதைத்தான். பிறரிடம் கொள்ளும் மைத்ரியை மட்டுமல்ல, நம்மீது நாமே கொள்ள வேண்டிய மைத்ரியையும் பறித்தது.

நாளைக் காலை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். எழுந்த பிறகு உங்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்று தள்ளிப்போட்ட மனுவை இன்று எழுதத் தோன்றுகிறதா, அல்லது 'போகட்டும், விடு' என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால், பக்கத்துப் பகை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மறுநாள் மறுபடியும் உட்காருங்கள்.

ஜெய்பீம்.