ஸ்டாப்பரை முன்னே விடலாமா?



பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. சென்னை நேரு விளையாட்டரங்கில் ராத்திரி ஏழரை மணிக்கு ஆட்டம் என்றால், நம்ம ஊர் ரசிகர் பஸ் பிடித்துப் போய், ஆட்டம் முடிந்ததும் மறுபடி பஸ் ஏறி, விடியற்காலையில்தான் வீடு திரும்ப முடியும். அரியலூர்க்காரருக்காவது எழும்பூரிலிருந்து ரயில் உண்டு. அதனால் பெரும்பாலானவர்கள் டிவியிலோ போனிலோதான் பார்க்கிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் அவர்கள் பேசுவதைக் கேட்டால், பயிற்சியாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு பேச்சை நான் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த ஒரு களத்தில் கேட்டேன். சென்னையின் எஃப்சி முதல் நாள் தோற்றிருந்தது. "ரெண்டு பார்வர்டு போட்டிருந்தா இந்த கதி வந்திருக்குமா?" என்றார் ஒரு பெரியவர். "ரெண்டு பேர முன்னாடி விட்டுட்டா நடுவுல யாரு மாமா இருக்கா? அந்த வழியாத்தான் அவன் பூந்து வருவான்" என்றான் பக்கத்திலிருந்த பையன். சொன்னதோடு நிற்கவில்லை. பத்து சோள மணிகளைப் பொறுக்கித் தரையில் வைத்தான். பின்னால் நாலு, அதற்கு முன்னால் ரெண்டு, அப்புறம் மூணு, உச்சியில் ஒண்ணு. கோல் காக்கும் கோலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர் எப்போதும் இருக்கிறவர். நாலு-ரெண்டு-மூணு-ஒண்ணு என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். பெரியவர் நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து உச்சியில் வைத்தார். பையன் அதைத் திரும்ப எடுத்தான். அரை மணி நேரம் ஓடியது.

இருவருக்கும் கையில் ஆதாரம் இருந்தது. 2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்றது. அதில் இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ். அவர் பார்வர்டே இல்லை, பின்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். கார்னர் கிடைத்தபோது முன்னே ஏறி வந்து போட்டவை அவை. முன்னே ஆள் கூடினால் கோல் விழும் என்று பெரியவர் இதைக் காட்டலாம். பையனுக்கும் ஆதாரம் உண்டு: அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அடுத்த சீசனில் காயத்தால் அவர் பெரும்பாலும் ஆடவில்லை. கோப்பை வென்ற அணி அந்த ஆண்டு 10 அணிகளில் 10ஆவதாக முடித்தது. அதற்கு அவர் ஒருவர் இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பையன் சொன்னான்: "பந்த புடுங்குறவன் இல்லாம போனா, முன்னாடி எத்தன பேரு நின்னு என்ன மாமா?"

2019-20 சீசன் இன்னும் வேடிக்கையானது. முதல் 4 ஆட்டங்களில் சென்னையின் எஃப்சி ஒரு கோல்கூட போடவில்லை. 6 ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். ஏறத்தாழ அதே ஆட்கள்தான். ஆனால் தொடக்கத்தில் கோலுக்குத் தவித்த பார்வர்டு வால்ஸ்கிஸ் சீசன் முடிவில் 15 கோல் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ பந்தை ஊட்டிக்கொண்டே இருந்தார். அணி இறுதி ஆட்டம் வரை போனது. கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில், கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2021-22 ஐஎஸ்எல் சீசனிலிருந்து ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்கள்தான் களத்தில் இருக்கலாம் என்று விதி வந்தது. முன்பு 5 பேர். அந்த நாலு பேரை எங்கே நிறுத்துவது? கோல் போடும் இடத்தில் ஒருவர் என்று பெரும்பாலான அணிகள் முதலிலேயே ஒதுக்கிவிட்டன. அதனால் நம் பையன்கள் விங்கிலும் பேக்கிலுமே வளர்ந்தார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. உச்சியில் நிற்கும் அந்த ஒற்றைச் சோள மணி உள்ளூர் மணியாக இருக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னபோது, நான் அவர் பக்கம்தான் நின்றேன்.

ஆனால் ஆளைப் பார்த்துத்தான் இடம் கொடுக்க வேண்டும், இடத்தைப் பார்த்து ஆளைத் திணிக்கக் கூடாது. இதை 1962லேயே ஒருவர் செய்து காட்டினார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். இந்தியாவின் சிறந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங் தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். தற்காப்பில் நின்றால் வருகிற பந்தையெல்லாம் முட்டித்தான் ஆகவேண்டும். வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை பார்வர்டாக விட்டார். ஜர்னைல் அரையிறுதியில் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வந்தது. அதே இறுதியில், காய்ச்சலால் இடையில் ஆடாமலிருந்த பீட்டர் தங்கராஜ் மறுபடி கோல் வாயில் நின்றார். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியிலிருந்து வந்த உயரமான மனிதர். அதுவரை ஆடிய கோலியும் குறை சொல்ல முடியாதவர். அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் நாமும் ரஹீமை ஏசியிருப்போம்.

அரியலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஏழு பேராகச் செவன்ஸ் ஆடும் பையன்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். போன மாதம் ஒரு ஆட்டத்துக்கு முன் பார்த்தேன். அவர்களுடைய நல்ல கோலி சிமென்ட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. "இவன நிறுத்தலாமா வேணாமா?" என்று கால் மணி நேரம் வாக்குவாதம். "தூங்காத கைக்கு பந்து நிக்காதுடா" என்றான் ஒருவன். "இவன் இல்லாம நாம எப்படா ஜெயிச்சோம்?" என்றான் இன்னொருவன். கடைசியில் முதல் பாதிக்கு வேறொருவனை நிறுத்திவிட்டு, அவனை வேப்பமரத்தடியில் படுக்கவைத்தார்கள். இடைவேளையில் எழுப்பினார்கள். முகம் கழுவிக்கொண்டு போய் கோல் வாயில் நின்றான்.