தீர்ப்பளித்தது மனிதனா, இயந்திரமா?
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், பிற நாடுகளில் தோன்றியுள்ள புதுவகைச் சட்டங்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் நிறுவனம் அதனை மக்களுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொருளை விற்கவோ வாக்கைத் திருப்பவோ இணையத்தில் உரையாடும் இயந்திரத்தை மனிதனெனக் காட்டி ஏமாற்றலாகாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டமும், மனிதரோடு உரையாடும் இயந்திரம் இயந்திரமே என்பதை அவருக்கு உணர்த்துமாறு விதிக்கிறது.

"இதனால் நமக்கென்ன?" என இளைஞர்கள் வினவலாம். நியூயார்க் நகரச் சட்டத்தை நோக்குவோம். 2023 ஜூலை முதல் செயற்படுத்தப்பட்டு வரும் அச்சட்டத்தின்படி, வேலைக்கு ஆள் தெரிவதில் இத்தகைய கருவியைப் பயன்படுத்தும் நிறுவனம், 10 வேலை நாட்களுக்கு முன்னரே அந்நகரில் வாழும் விண்ணப்பதாரருக்கு அறிவித்தல் வேண்டும். அக்கருவி பால், இன வேறுபாடு காட்டுகிறதா எனச் சார்பற்ற தணிக்கையாளர் ஆராய்தல் வேண்டும். முடிவின் சுருக்கத்தையும் வெளியிடுதல் வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இயந்திரம் பழைய ஏடுகளைக் கண்டே கற்கிறது. அமேசான் நிறுவனம் சோதித்துப் பார்த்த கருவியொன்று 10 ஆண்டு விண்ணப்பங்களைப் பயின்றது. அவற்றுள் ஆடவருடையவையே மிகுதி. ஆகவே, பெண்களின் விண்ணப்பங்களை அது தாழ்த்தி மதிப்பிட்டது. அக்கருவி கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. பழைய ஏட்டில் அநீதி இருப்பின், புதிய தீர்ப்பிலும் அது தலைகாட்டும்.

ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டுக் கதவடைத்த கொடுமையை நம் பெரியோர் நன்கறிவர். அன்று கதவடைத்தவன் முகத்தையேனும் கண்டோம். முகமற்ற கருவி "தகுதியில்லை" என்றால் யாரிடம் வழக்குரைப்போம்? தீர்ப்பளித்தது யார் என்று அறிவதே, அத்தீர்ப்பை எதிர்த்துக் கேட்பதற்கு முதற்படி. நியூயார்க் தணிக்கையும் பாலையும் இனத்தையுமே நோக்குகிறது, சாதியை நோக்குவதில்லை. அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் நாமே.

எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலே பத்திரங்களில் கைநாட்டு வைத்தனர் நம் பாட்டனார். அந்நிலை மாறவே நம் கழகம் பாடுபட்டு வருகிறது. இன்று கைபேசித் திரையில் வரும் சிற்றெழுத்துகளைப் படியாமல் "ஒப்புகிறேன்" என அழுத்துவதும் கைநாட்டே. படிப்போம், "முடிவு செய்தது யார்?" எனத் துணிந்து கேட்போம், விடை கிடைக்கும் வரை கேட்போம்.