ஒரு ராகி ரொட்டிக்குள்ளே எத்தனை தேசம்!
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்க குழுவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ராகி ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். "இதுக்கு ஒரு வகுப்பா?" என்று சிலர் கேட்டாங்க. காரணம் சொல்றேன்.

எங்க தெருப் பிள்ளை ஒன்று பள்ளிக்கு ராகி ரொட்டி கொண்டுபோச்சு. கூட இருந்த பிள்ளைகள் "கறுப்பு ரொட்டி" என்று சிரிக்க, டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்திருச்சு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. ஆனா நம்ம பிள்ளை வெட்கப்படுது. இன்றைக்கு ரொட்டியைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளை, நாளைக்கு அதைத் தட்டிய ஆத்தாவைப் பார்த்தும் வெட்கப்படும். எனக்குப் பயம் அதுதான்.

அதனால் மாவு பிசையும்போதே கதை சொல்றோம். ராகி ஆதியில் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் பயிர். பல ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே வந்து நம்ம பயிராகிவிட்டது. பச்சை மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. சுமார் 500 வருடத்துக்கு முன் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதுக்கு முந்தி நமக்குக் காரம் என்றால் மிளகுதான். கல்லில் விடுகிற கடலை எண்ணெய்க்கான நிலக்கடலையும் தென்னமெரிக்காவில் பிறந்ததே. முருங்கை நம்ம நாட்டு மரம். "ஒரு ரொட்டிக்குள்ள இத்தனை தேசமா!" என்று பிள்ளைகள் உலகப் படத்தை விரிச்சுத் தேடுறாங்க.

அப்புறம் பாட்டிமார் திருகைக் கல்லைச் சுற்றிக் காட்டுவாங்க. விடியுமுன்னே எழுந்து வீட்டுக்கே மாவு அரைச்சது, நெல்லுச்சோற்றைப் பண்டிகைக்கு மட்டும் பார்த்தது, எல்லாம் சொல்வாங்க. கால் படி அரைக்கிறதுக்குள் கை வலித்த பையன், "பாட்டி, தினமுமா இதைச் செஞ்சீங்க?" என்று கேட்டான். பெண்கள் பட்ட பாடு அவனுக்குக் கையிலேயே புரிஞ்சுது. எங்க வகுப்பில் ஆம்பளைப் பிள்ளைகளும் கட்டாயம் ரொட்டி தட்டணும்.

பெரிய செலவில்லை. கொஞ்சம் மாவு, ஒரு கட்டு முருங்கைக்கீரை, வெங்காயம், மிளகாய். கல் சுடுகிற இடத்தில் மட்டும் பெரியவங்க நிற்கணும். எங்க ஊரில் திருகை சுற்றத் தெரிந்த பாட்டிகள் மூணு பேர்தான் மிச்சம். உங்க ஊரிலும் எண்ணிப் பாருங்க. அவங்க இருக்கும்போதே ஒவ்வொரு குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.