மகோதரமும் மறைந்து வரும் கிருமியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுதல் மங்கலமன்று எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் பெருமாட்டிப் பகுதியில் குடி எத்தனை வீடுகளை இருளாக்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள். குடியே அறியாதாருக்கும் மஞ்சட்காமாலைக் கிருமியாலும் கொழுப்பாலும் கல்லீரல் சுருங்குவதுண்டு.

ஈரல் சுருங்கியவர்க்கு வயிற்றில் நீர் கட்டும். முன்னோர் இதனை மகோதரம் என்றனர். கிருமியை எதிர்க்கும் புரதம் அந்நீரிற் குறைவு. ஆதலின், குடலில் ஓட்டை ஏதுமின்றியே குடற்கிருமிகள் அதனுட் புகுந்து பெருகும். 1964இல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கான் இந்நோய்க்குத் தனிப்பெயர் இட்டார்.

காய்ச்சலும் வயிற்றுவலியும் கண்டால் எவரும் விழித்துக்கொள்வர். இவ்விரண்டும் இன்றியே சிலர்க்கு நோய் முற்றும். சிறுநீர் குறையும், பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, நா குழறும், பெற்ற மகளின் பெயரும் மறக்கும். நான் கண்ட ஒருவரை, 'குடித்துவிட்டுக் கிடக்கிறார்' என்று வீட்டார் இரண்டு நாள் திண்ணையிலேயே விட்டுவிட்டனர். அவர் குடியை நிறுத்தி ஐந்து திங்கள் ஆகியிருந்தன. 'வாயில் வாடை இல்லையே' என்று மனைவியார் மட்டும் சொல்லியிருக்கிறார், கேட்பாரில்லை. என்னிடம் கொணர்ந்தபோது சிறுநீரகம் ஓய்ந்திருந்தது. மீட்க இயலவில்லை.

அறியும் வழி எளிது. ஊசியால் சிறிது வயிற்று நீர் எடுத்துச் சோதித்தல் வேண்டும். ஊசி குத்தினால் உயிர் போய்விடும் என்ற அச்சம் நம்மவரிடம் உண்டு. அச்சத்தால் தாமதிப்பதே பேரிடர். ஒரு கன மில்லிமீட்டர் நீரில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருப்பின், கிருமி வளர்ப்பின் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவர். செபோடாக்சிம் போன்ற மருந்தை நரம்பின் வழியே ஐந்து முதல் ஏழு நாள் செலுத்துவது வழக்கம். மருத்துவமனையிலேயே தொற்றியதாயின் வேறு மருந்து வேண்டியிருக்கலாம்.

கிருமி ஒழிந்தும் சிறுநீரகம் கெட்டு இறப்பவர் உண்டு. ஆகவே ஆல்புமின் என்னும் புரதத்தையும் ஏற்றுவர்: முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 1999இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில், இது பெறாதோரில் நூற்றுக்கு 29 பேர் மருத்துவமனையில் மாண்டனர். பெற்றோரில் 10 பேரே. விலை மிகுந்த மருந்துதான்; மறுக்கவில்லை.

பிழைத்தவர்க்கும் நோய் மீளக்கூடும். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். மேல்வலிக்கென்று கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. அவற்றுட் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சித்தூரோ, பாலக்காடோ, கோவையோ, எங்குச் சென்றாலும், 'வயிற்று நீரைச் சோதித்தீர்களா?' என்று கேளுங்கள். மருத்துவர் கோபிக்கமாட்டார், கோபித்தாலும் கேளுங்கள்.