கூழும் குழந்தைகளும்

(நமது சங்கத்தின் வியாசர்பாடிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மண்டபத்துச் சுவர்களில் தொங்கும் படங்களைத் தாங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். அவை கடையில் வாங்கியவை அல்ல. நமது சங்கத்தின் மாலை வகுப்பில் பயிலும் சிறுவர் சிறுமியர் வரைந்த விளம்பரங்கள். சோப்புக்கும் பிஸ்கோத்துக்கும் கம்பெனிக்காரர் விளம்பரம் செய்வதுபோலக் கேழ்வரகு, கம்பு, தினை, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றிற்கு விளம்பரம் செய்யுமாறு அவர்களைக் கேட்டிருந்தோம். ஆடி மாதத்தில் அம்மன் கோவில் முன் கூழ் வார்க்கும் காட்சியை ஒரு சிறுமி வரைந்து, அதன் கீழ், “அம்மனுக்குப் படைப்பதை நாம் ஏன் மறைத்துக் குடிக்கிறோம்?” என்று எழுதியிருக்கின்றாள். அவ்வினாவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் பாட்டன்மார் பலர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தவர்கள். ஆலைச் சங்கு ஊதுமுன் கேழ்வரகுக் கூழைக் குடித்து, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வேலைக்கு நடந்தனர். அவ்வாலைகள் 1996இல் மூடப்பட்டன. கூழோ அதற்கு முன்னரே நம் அடுக்களையை விட்டு வெளியேறிவிட்டது. ருசியில்லாமையால் அன்று; வெட்கத்தால். “கூழ்குடி” என்பது வசைச்சொல்லாயிற்று. விருந்தாளியின் காலடியோசை கேட்டவுடன் கூழ்ச்சட்டியை மூடி மறைத்த தாய்மார் இச்சபையிலும் உளர். வெண்சோறு உயர்ந்தோர் உணவு, கூழ் தாழ்ந்தோர் உணவு எனப் பிறர் இழித்துரைத்ததை நாமே மெய்யென்று நம்பினோம். இதுவன்றோ வருந்தத்தக்கது!

அரிசியை நாம் இகழவில்லை. 1967இல் சென்னையில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கிடைத்ததும், 2011 முதல் பங்கீட்டுக் கடைகளில் விலையின்றிக் கிடைப்பதும் பல்லாயிரம் குடும்பங்களின் பசியைத் தீர்த்தன. அந்நன்றியை மறவோம். ஆனால் பசி தீர்வது வேறு. தேகம் வலுப்பெறுவது வேறு.

தானியமணியில் மேலே தவிடும், ஓரத்தில் முளையும், நடுவே மாவும் உள. இயந்திரத்தில் தீட்டுங்கால் தவிடும் முளையும் போய், பெரும்பாலும் மாவே எஞ்சுகின்றது. நார்ச்சத்தும் பல உயிர்ச்சத்துக்களும் மிகுதியாக உள்ள பகுதி தவிட்டோடு வெளியேறுகின்றது. 1920களில் நமது நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதியினர் உண்ணும் உணவை எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன; தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. பாலுக்கும் காய்கறிக்கும் அதில் பங்குண்டெனினும், தீட்டிய அரிசி மட்டும் போதாதென்பது அன்றே விளங்கிற்று. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

கேழ்வரகின் மணி மிகச் சிறியது. அதன் தோலை எளிதில் பிரிக்கவொண்ணாது. ஆகவே அதனைப் பெரும்பாலும் முழுமையாகவே அரைத்து உண்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இவ்வளவு சத்துள்ள பொருளையா நாம் ஒளித்து வைத்தோம்!

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு சிறுவன், “கேழ்வரகு உண்டால் சர்க்கரை வியாதி ஓடிவிடும்” என்று எழுதி வந்தான். அதனை அழிக்கச் சொன்னோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் அவ்வியாதி உண்டு. நம் வீடுகளிலும் இருக்கின்றது. நைய அரைத்த மாவில் காய்ச்சிய கூழும் இரத்தத்தில் சர்க்கரையை விரைவில் ஏற்றக்கூடும். விளம்பரத்தை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் அப்பழி யாரைச் சேரும்? அச்சிறுவன் சிறிது நேரம் வாடியிருந்தான்; பின்னர், “எலும்புக்கு உரம்; மருந்துக்கு மாற்றன்று” என்று திருத்தி எழுதினான். கம்பெனி விளம்பரங்கள் பலவற்றிலும் காணாத நேர்மை அவ்வொரு வரியில் இருக்கின்றது. தினை, சாமை, வரகு ஆகியவற்றையும் வெண்மையாகத் தீட்டி விற்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் கடைக்குச் சென்று அறிந்துவந்து எழுதியுள்ளனர்.

பிள்ளைகள் இவற்றை உண்பார்களா எனச் சிலர் ஐயுறுகின்றனர். கர்நாடகத்தில் ஏறக்குறைய 1,500 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் அரிசிக்குப் பதிலாகச் சிறுதானிய உணவு அளித்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. கேழ்வரகு இட்லி போன்ற பண்டங்களுக்கு அப்பிள்ளைகள் 5க்கு 4.5க்கு மேல் மதிப்பெண் இட்டனர். அவர்கள் வளர்ச்சியும் மற்றப் பிள்ளைகளினும் மேம்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. இந்நகரமோ 1920இலேயே, பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த நகரம். பிள்ளைகளின் தட்டிலிருந்து நன்மை தொடங்குவது நமக்குப் புதிதன்று.

ஆகவே பெரியோர்களை மூன்று வேண்டுகிறோம். சங்க விருந்துகளில் கேழ்வரகிலோ கம்பிலோ ஒரு பண்டமேனும் முதற்பந்தியிலேயே பரிமாறப்பட வேண்டும். மளிகைக் கடை வைத்துள்ள அங்கத்தினர் இப்படங்களைத் தம் கடை முன் ஒட்ட வேண்டும். தாய்மார் விருந்தாளி வந்தபோதும் கூழ்ச்சட்டியை மூடலாகாது. பிள்ளை சுவரில் எழுதியதை வீட்டில் தந்தை பழிப்பாராயின், அவ்விளம்பரத்தைக் கிழிப்பவர் வேறொருவர் அல்லர், அவரே.

நம் குலத்தின் மானம் சோற்றின் வெண்மையில் இல்லை. அச்சிறுமியின் வினாவுக்கு நம் அடுக்களைகள் விடை கூறட்டும்.