ஏக்கத்திற்கும் விலை வைத்துவிட்டார்கள்!

(காயல்பட்டினத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



காயல்பட்டினத்தில் சினிமாக் கொட்டகை கிடையாது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் இன்று கொட்டகை கைக்குள்ளேயே வந்துவிட்டது. பிள்ளைகள் கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறார்கள். நாம் ஏசிவிட்டுப் போய்விடுகிறோம். ஏசினால் போதாது. அந்தச் சரக்கு எப்படி விலை போகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதில் ஒரு வகை உண்டு. நாடகத்தில் ராஜபார்ட் வேடம் கட்டுவதுபோல, ஆடுகிறவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்றுக் கதையைத் தாமே நடத்திச் செல்வார். 1998-ல் கனடா நாட்டு பயோவேர் கம்பெனி செய்த 'பால்டர்ஸ் கேட்' இந்த வகையில் பேர்பெற்றது. அன்று அதை ஆடிய இளைஞர்களுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். கையில் சம்பளம் இருக்கிறது. மனத்தில் பழைய நாளின் ஏக்கம் இருக்கிறது.

இந்த ஏக்கத்தின் விலை 2012-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அப்சிடியன் என்ற அமெரிக்கக் கம்பெனி, பழைய பாணியில் ஒன்று செய்து தருகிறோம், முன்பணம் தாருங்கள் என்று மக்களிடமே கேட்டது. விளையாட்டு உருவாகும் முன்பே சுமார் 74 ஆயிரம் பேர் சுமார் 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள்! விளையாட்டு வந்ததோ 2015-ல்.

2023-ல் பெல்ஜியத்து லாரியன் கம்பெனி 'பால்டர்ஸ் கேட் 3' வெளியிட்டது. டிசம்பர் 7-ம் தேதி அது ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசைப் பெற்றது. அந்தக் கதையுலகின் உரிமை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனியிடம் இருக்கிறது. உரிமைப் பணம் அதற்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு நடந்தது என்ன? பரிசு கிடைத்த நான்காம் நாள், 1,100 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக ஹாஸ்ப்ரோ அறிவித்தது! பொம்மை விற்பனை மந்தம் என்று காரணம் சொன்னார்கள். முதல் விளையாட்டைச் செய்த பயோவேரும் அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 50 பேரை வெளியேற்றியது. பல ஆண்டுகள் உழைத்த பழைய கைகளும் அதில் அடக்கம். பழைய பெயருக்கு மதிப்பு உண்டு. பழைய தொழிலாளிக்கு இல்லை. இதுதான் முதலாளியின் கணக்கு!

ஏக்கம் குற்றமா, தோழர்களே? இல்லை. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது நம் ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 2004-ல் வந்த 'கில்லி' 2024-ல் மறுபடியும் கொட்டகைகளை நிறைத்தது. இளமையை நினைத்து மகிழ்வது மனித இயல்பு. ஆனால் விற்கிறவன் இனித்த பாதியை மட்டும் பொட்டலம் கட்டுகிறான். மறு பாதியை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் கடற்கரையையே பாருங்கள். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தை 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ புகழ்ந்தார். அந்தப் பெருமையை நாம் பேசுகிறோம், பேசலாம். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போயிற்று என்றும் அவரே எழுதியிருக்கிறார். மூச்சை அடக்கிக் கடலடியில் முத்தெடுத்தவன் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது!

பக்கத்துத் தூத்துக்குடியில், 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் வென்றார்கள். இன்று வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அது எவரும் தானமாகக் கொடுத்ததல்ல!

ஆகவே, பிள்ளைகளின் விளையாட்டைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். இதைச் செய்தவர்கள் யார், லாபம் யாருக்குப் போயிற்று, செய்தவர்களுக்கு இன்று வேலை இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். மில்லிலும் வயலிலும் நீங்கள் பட்ட பாட்டையும், கூடி நின்று பெற்றதையும் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியும் விற்க முடியாத பழைய கதை அது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்!